குடும்ப வன்முறையிலிருந்து மீளும் பெண்களுக்காக ஒரு கலைமாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னைப் புறநகரில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மாலை கலை நிகழ்ச்சி நடத்துகிறோம். பறை, வில்லுப்பாட்டு, கொஞ்சம் கூத்து, ஓவியங்கள், கைவினைக் கடைகள், இட்லி, பஜ்ஜி. டிக்கெட்டில் வரும் பணம், அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறிய பெண்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. ஒவ்வொரு வருடமும் போனில் ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடுகிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். தங்கள் ஊரில் இதுபோல நடத்த நினைப்பவர்கள் கேட்கும் விஷயங்களும் இதிலேயே உண்டு.

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஊரைக் கூட்டி விழா எடுக்க வேண்டுமா?

இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள், அதனால் நான் கோபப்படுவதில்லை. சண்டை என்றால் இரண்டு பக்கமும் குரல் கேட்கும். ஒருவர் வாயைத் திறக்கவே பயப்படும் வீட்டில் நடப்பதற்குச் சண்டை என்று பெயர் கிடையாது.

சட்டமும் அதை நான்கு சுவருக்குள் விட்டுவிடவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. கை நீட்டுவது மட்டும் அதில் வன்முறை இல்லை. தினமும் மட்டம் தட்டிப் பேசுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் தவிக்கவிடுவது, விருப்பமில்லாமல் தொடுவது, வரதட்சணை கேட்டு மிரட்டுவது எல்லாமே அதில் அடங்கும். மனைவிக்கு மட்டும்தான் என்றும் இல்லை. மகன் அடிக்கிற அம்மா, அண்ணன் அடிக்கிற தங்கை, தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிற பெண் ஆகியோரும் மனு போடலாம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. திருமணமான, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கணவரிடம் வன்முறையை அனுபவித்திருப்பவர்கள் இந்திய அளவில் சுமார் 29 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். படித்த மாநிலம் என்று பேர் வாங்கியிருக்கிறோம், கணக்கு இப்படி இருக்கிறது. வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது இந்த எண் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

வசூலாகும் பணம் எதற்குச் செலவாகிறது?

வீட்டை விட்டு ஓடி வரும் பெண் பெட்டி கட்டிக்கொண்டு வருவதில்லை. கையில் பிள்ளை இருக்கும், காலில் சில சமயம் செருப்புகூட இருக்காது. ஆதார் அட்டை, பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டு பீரோவில். பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரசு ஏற்பாடுகள் நிறையவே இருக்கின்றன, குறைத்துச் சொல்ல மாட்டேன். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. சகி என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். சமூகநலத் துறையின் சேவை இல்லங்கள் இருக்கின்றன, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன. இலவச சட்ட உதவிக்குப் பெண் என்ற ஒரு தகுதி போதும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் வேண்டாம். வாய்தாவுக்கு வாய்தா அலைகிற ஒரு பெண்ணுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிது என்று கார் வைத்திருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு திட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கிறது. எங்கள் பணம் அந்தச் சந்துக்குத்தான். முதல் இடம் வீட்டு அட்வான்ஸுக்கு. காப்பகத்திலிருந்து வெளியே வந்து வேலையும் கிடைத்துவிட்டது, ஆனால் சென்னையில் ஓர் அறை எடுக்க ஆறு மாதம், பத்து மாதம் என்று வாடகை முன்பணம் கேட்கிறார்கள். "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்ற கேள்வி வேறு. அட்வான்ஸுக்கு வழி இல்லாமலேயே பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு என்று அங்கே வேலை செய்யும் ஆலோசகர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை தையல் மிஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் பெண்ணுக்கு உதவி என்றால் ஏனோ எல்லோருக்கும் தையல் மிஷின்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்தது சின்னச் சின்னச் செலவுகள். கேஸ் டெபாசிட், புது சிம், மூக்குக் கண்ணாடி (பழையது அடியில் உடைந்திருக்கும்), பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ, உள்ளாடை, நாப்கின். தீக்காயத்தோடு வருபவர்களின் செலவு தனி ரகம். தழும்பு தடித்துப் போகாமல் இருக்க உடம்போடு இறுகிய பிரத்யேக ஆடையை நாள் முழுக்க, மாதக் கணக்கில் போட வேண்டும். அது அளவெடுத்துத் தைப்பது, விலை அதிகம், நைந்தால் மாற்ற வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாத சென்னைக்காரர் இருக்க மாட்டார். அங்கே போய்விட்டு வெளியே வரும் பெண்ணுக்கு அடுத்த இரண்டு வருடம் எப்படிப் போகும் என்று யோசித்தவர்கள் குறைவு. 2001 முதல் சென்னையில் இயங்கும் பிசிவிசி என்ற தொண்டு நிறுவனம் அப்படி யோசித்த அமைப்புகளில் ஒன்று.

பாதிக்கப்பட்ட பெண் யாராவது மேடையேறித் தன் கதையைச் சொல்வாரா?

மாட்டார். போனை வைத்துவிடாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

முதல் வருடம் நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒருவர் தானாகவே முன்வந்தார், நன்றாகவும் பேசினார். ஹாலில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், உண்டியல் நிரம்பியது. அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனோம். யாரோ ஒருவர் அதைப் போனில் எடுத்து ஒரு வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார், நல்ல எண்ணத்தில்தான். நான்கே நாளில் அது அந்தப் பெண்ணின் கணவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் வேலை பார்த்த கடை எது என்று அந்த வீடியோவில் அவரே சொல்லியிருந்தார். வேலையை விட்டார், வீட்டை மாற்றினார், பிள்ளையைப் பள்ளி மாற்றினார். எங்கள் நிகழ்ச்சியில் வசூலானதில் ஒரு பகுதி, எங்கள் நிகழ்ச்சி உண்டாக்கிய செலவுக்கே போனது. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

"முகத்தை மறைத்துக்கொண்டு பேசலாமே, திரைக்குப் பின்னால் இருந்து பேசலாமே" என்பார்கள். குரல், கொச்சை, பிள்ளைகள் எத்தனை, எந்த வருடம் கல்யாணம் என்று இவ்வளவு தெரிந்தால் போதும், தெரிந்தவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விசாரணையை மூடிய அறையில் நடத்தவே நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. பாலியல் குற்றமாக இருந்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. கோர்ட்டே கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் ஒன்றை நாம் மைக் வைத்துக் கேட்பது சரியில்லை.

வேறு ஒன்றும் இருக்கிறது. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் துகிலுரியும் கூத்து நடக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும், துச்சாதனன் வேடம் கட்டியவர் அந்தச் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். எதிரில் இருப்பது சேலை கட்டிய ஓர் ஆண் நடிகர், நடப்பது கதை, எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு பெண்ணைச் சபை நடுவில் நிறுத்துவது சும்மா செய்கிற காரியம் இல்லை என்று அந்தக் கூத்துக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் முதல் வருடம் கற்பூரம்கூட ஏற்றவில்லை.

கதை இல்லாவிட்டால் காசு வராது என்று எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் வாதாடினார்கள். கதை இல்லாமல் நடத்திய முதல் தடவை வசூல் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். பரவாயில்லை.

அப்படியானால் மேடையில் என்னதான் நடக்கும்?

நிகழ்ச்சி பறையில் தொடங்கும். ஒரு பெண்கள் குழு, அடித்தால் ஹாலின் ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்புறம் வில்லுப்பாட்டு. இந்த விஷயத்துக்கு வில்லைப் போலப் பொருத்தமான கலை இல்லை என்பது என் கட்சி. பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர் இருக்கிறாரே, அவர்தான் ஊர். ஒரு வருடம் எங்கள் புலவர் அதைத் திருப்பிவிட்டார். கதையில் மருமகள் அடி வாங்கும் இடங்களில் எல்லாம் பின்பாட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். புலவர் பாடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், "ஆமா" வராது. மூன்றாவது தடவை ஹாலிலிருந்து ஒரு பாட்டி "ஆமான்னு சொல்லேன்டா" என்று கத்திவிட்டார். எழுதி வைத்து ஒத்திகை பார்த்தால்கூட அப்படி அமையாது.

கூத்து விடிய விடிய நடக்க வேண்டியது. எங்களிடம் அது முக்கால் மணி நேரம். கூத்து ரசிகர்கள் திட்டுகிறார்கள், நியாயம்தான்.

அந்தக் கொடிக்கயிறு எதற்கு?

ஹால் நடைபாதையில் துணி காயப்போடும் கயிறு ஒன்று கட்டியிருப்போம். பக்கத்து மேசையில் கைக்குட்டை அளவுக்குத் துணித் துண்டுகளும் இங்க்கும் தூரிகையும். யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதியோ வரைந்தோ கிளிப் போட்டு மாட்டலாம். பெயர் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

யோசனை எங்களுடையது இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் பகுதியில் இருக்கும் ஹயானிஸ் என்ற ஊரில் 1990 அக்டோபரில் சில பெண்கள் 31 சட்டைகளில் தங்களுக்கு நடந்ததை எழுதிப் பொது இடத்தில் கொடியில் மாட்டினார்கள். கொடியில் துணி காயப்போடுவது பெண்களின் வேலை, அந்த நேரத்தில்தான் வேலிக்கு வேலி பேச்சும் நடக்கும். அழுக்குத் துணியை வீதியில் காட்டாதே என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் அதையே கொண்டுவந்து மாட்டினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் போய்விட்டது.

அவர்களிடம் ஒரு நிறக் கணக்கு உண்டு. கொல்லப்பட்ட பெண்ணுக்காக வெள்ளைச் சட்டை, அடி வாங்கியவர்களுக்கு மஞ்சள், வல்லுறவுக்கு உள்ளானவர்களுக்குச் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு, இப்படி. நாங்கள் அதை அப்படியே எடுத்துவந்து முழித்தோம். இங்கே வெள்ளைத் துணி என்றதும் வயதான பெண்களுக்கு விதவைக் கோலம்தான் கண்ணில் வந்தது, ஒருவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மஞ்சள் தாலிக்கயிற்றின் நிறம், மங்களம். அதை அடிக்கு வைத்தால் யாருக்கும் ஒட்டவில்லை. (ஒரு விதத்தில் பார்த்தால் மஞ்சள் மிகவும் பொருத்தம் என்று எங்கள் தையல்கார அக்கா சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.) சரி என்று நிறங்களை விட்டுவிட்டு, டெய்லர் கடையில் மிஞ்சும் பிளவுஸ் வெட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிப் போட்டோம். எந்த நிறமும் எதையும் குறிக்காது.

அதிகம் எழுதப்படுவது "அம்மா" என்ற சொல்.

எங்கள் நடனக் குழு வந்து ஆடலாமா? மிமிக்ரி, பட்டிமன்றம்?

தாராளமாக. பாட்டு எது என்பதை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். கதாநாயகன் அறைந்ததும் கதாநாயகிக்குக் காதல் வருகிற பாட்டுகள் தமிழில் நிறைய, தாளம் வேறு அருமையாக இருந்து தொலைக்கும். ஒரு வருடம் பிள்ளைகள் அப்படி ஒன்றுக்கு மாதக் கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னதில் அவர்களுக்கு அழுகை, பெற்றோருக்குக் கோபம், தவறு எங்களுடையது.

மிமிக்ரிக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள், பெண்டாட்டியை அடிக்கிற ஜோக்கும் வேண்டாம், பெண்டாட்டி பூரிக்கட்டையால் அடிக்கிற ஜோக்கும் வேண்டாம். "அப்புறம் எதை வைத்துச் சிரிக்க வைப்பது" என்று ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அவர் பிறகு ஹவுஸ் ஓனர்களை வைத்து இருபது நிமிடம் செய்தார், அட்வான்ஸ் கேட்கிற காட்சிக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை.

பட்டிமன்றம் கிடையாது. "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவுவானா" என்று ஒரு அணி வந்து நின்றுவிடும்.

கலைஞர்களுக்குச் சம்பளம் உண்டா? நல்ல காரியம்தானே, இலவசமாகச் செய்ய மாட்டார்களா?

உண்டு. பறை அடிப்பவருக்கும் கூத்து கட்டுபவருக்கும் அன்றைய மாலை வேலை நாள். நாம் சம்பளத்தோடு லீவு போட்டுவிட்டு வந்து அவரைச் சேவை செய்யச் சொல்வது அழகில்லை. ஒலிபெருக்கிக்காரரிடமும் பந்தல்காரரிடமும் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள், பொழுதுபோக்காகப் பாடுபவர்கள், ஐடி கம்பெனி நாடகக் குழு ஆகியோருக்குச் சம்பளம் இல்லை, பஜ்ஜி உண்டு.

சம்பளமும் ஹால் வாடகையும் டிக்கெட் பணத்திலிருந்து போகாது. செலவுக்கு எங்களுக்குள்ளும் கடைக்காரர்களிடமும் முன்பே வசூலித்துவிடுவோம். டிக்கெட், ஓவிய ஏலம், உண்டியல் மூன்றும் அப்படியே தொண்டு நிறுவனத்துக்கு. நான் முப்பது வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள், ரூபாய் இடறினால் தூக்கம் வராது. மறுவாரம் வரவு செலவுத் தாளை எங்கள் குழுவில் போட்டுவிடுவோம்.

பழைய புடவை, துணிமணி கொடுக்கலாமா?

வேண்டாம். காப்பகத்தில் வைக்க இடமில்லை, பிரித்து அடுக்க ஆளில்லை. ஒன்றுமில்லாமல் வந்து நிற்கிறவளுக்கு முதலில் கிடைப்பது இன்னொருத்தியின் கிழிந்த ஜாக்கெட்டாக இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. புது நைட்டி, புது உள்ளாடை, திறக்காத நாப்கின் பாக்கெட் என்றால் நன்றி.

ஏன் நவம்பர் 25 அன்று நடத்துவதில்லை?

அன்று பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் நாள். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960இல் கொல்லப்பட்ட நாள் அது. 1999இல் ஐ.நா. அதை ஏற்றுக்கொண்டது. அன்று தொடங்கி டிசம்பர் 10, மனித உரிமை நாள் வரை 16 நாட்கள் உலகம் முழுக்க நிகழ்ச்சிகள் நடக்கும்.

நாங்களும் ஆசைப்பட்டு ஒருமுறை நவம்பர் கடைசியில் வைத்தோம். சென்னையில் நவம்பர் கடைசி என்றால் என்ன என்று தெரிந்தும் வைத்தோம். முழங்கால் தண்ணீரில் பறையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். மழை போனால் மார்கழிக் கச்சேரிகள், ஹால் கிடைக்காது. மார்ச் பரீட்சை. ஆக, பிப்ரவரி.

நன்கொடைக்கு 80ஜி வருமான வரிக் கழிவு கிடைக்குமா?

நேராகத் தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு அவர்களே ரசீதும் சான்றிதழும் தருவார்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் கழிவு கிடையாது, பலருக்கு இது தெரியாமல் மார்ச்சில் எனக்குப் போன் செய்கிறார்கள். டிக்கெட் விலை நன்கொடை ஆகாது, அதற்கு நீங்கள் நிகழ்ச்சி பார்த்துவிட்டீர்கள். வாசலில் இருக்கும் க்யூஆர் அட்டை நிறுவனத்தினுடையது. அதில் வேறு பெயர் வந்தால் பணத்தை அனுப்பாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம், எப்படி அனுப்புவது?

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருந்து துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்காகாது. கனடா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே, அதுவும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்கும் அதற்கான கணக்கில் மட்டுமே அதைப் பெற முடியும். "மச்சான் கணக்கில் போட்டுவிடுகிறேன், நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்பது அன்பினால் சொல்வது, ஆனால் நிறுவனத்தின் பதிவுக்கே வேட்டு வைக்கும்.

விளம்பரம் கொடுக்க விரும்புகிறோம்.

மகிழ்ச்சி. பேனர் சின்னதாக இருக்கும், மேடையில் பொன்னாடை கிடையாது, கட்சிக் கொடி கிடையாது. ஒரு பாத்திரக் கடைக்காரர் நல்ல தொகை தருவதாகச் சொல்லி, ஹால் வாசலில் "சீர்வரிசை ஸ்பெஷல் ஆஃபர்" என்று கடை போடக் கேட்டார். எதற்கு மறுக்கிறோம் என்று அவருக்குக் கடைசி வரை புரியவே இல்லை. பாவம், நல்ல மனிதர்.

காப்பகத்தைப் போய்ப் பார்க்கலாமா? பிறந்தநாளுக்கு அங்கே சாப்பாடு போடலாமா?

முடியாது. முகவரி எங்களுக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு.

நிகழ்ச்சியில் யாராவது வந்து "எனக்கும் இப்படித்தான்" என்று சொன்னால்?

சொல்வார்கள். எல்லா வருடமும் சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் மேடை அருகே இல்லை, கை கழுவும் இடத்தில். அதனால் தொண்டு நிறுவனத்தின் ஆலோசகர் இருவர் அன்று இருப்பார்கள். உட்கார்ந்து பேச ஹாலின் பின்பக்கம் ஒரு அறை ஒதுக்கியிருப்போம். வாசலில் "பொருட்கள் வைக்கும் அறை" என்று எழுதியிருக்கும்.

எங்கள் தொண்டர்களுக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது இதுதான். கேளுங்கள், நம்புங்கள், "ஏன் இவ்வளவு நாள் பொறுத்தாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். உடனே வெளியே வா என்றும் சொல்லாதீர்கள். வெளியேறும் நேரமும் அதற்கு அடுத்த சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை, அதைத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும், அது ஆலோசகரின் வேலை. கணவரைக் கூப்பிட்டுப் பேசிச் சமாதானம் செய்துவைக்கும் பெரிய மனுஷத்தனம் கண்டிப்பாக வேண்டாம். ராத்திரி வீட்டுக்குப் போன பிறகு அதற்கான விலையைக் கொடுப்பது அவள்தான்.

துண்டுச்சீட்டு எதுவும் கையில் கொடுப்பதில்லை. பையைத் துழாவும் கணவர்கள் உண்டு. 181 என்ற எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்போம். மூன்று இலக்கம், மனதில் நின்றுவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

சட்டம் பற்றிக் கேட்டால் சொல்லலாம். மனு கொடுத்தால் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா இழுக்கும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க 17ஆம் பிரிவு அவளுக்கு உரிமை கொடுக்கிறது. பலருக்கு அன்றுதான் இது முதல்முதலாகத் தெரியவருகிறது.

ஆண்களும்தான் அடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு?

வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேலி செய்பவர்களை நாங்கள் மேடையேற்றுவதில்லை என்று மேலேயே எழுதினேன். அடித்தால் யாராக இருந்தாலும் போலீஸுக்குப் போகலாம். 2005 சட்டம் பெண்களுக்கானது. ஆனால் அந்தச் சட்டத்தில் எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது, மாமியார் மீதும் நாத்தனார் மீதும் நேராகவே மனு போடலாம். எங்கள் மாலையில் வசூலாவது பெண்களுக்காக. ஆண்களுக்காக ஒன்று நடத்த நீங்கள் முன்வந்தால் ஒலிபெருக்கிக்காரர் நம்பர் தருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இதை நடத்த என்னவெல்லாம் வேண்டும்?

முதலில் தொண்டு நிறுவனத்திடம் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள், ஹால் பிடித்துவிட்டுப் போகாதீர்கள். காவல் நிலையத்தில் நிகழ்ச்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி எழுதி வாங்குங்கள். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டு விதி. சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால் பாட்டுகளின் காப்புரிமைக்குப் பணம் வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் பற்றி விசாரியுங்கள். டிக்கெட் போட்டால் கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் பதில் விலை கூடும்.

வாசலில் கண் கூர்மையான இரண்டு பேரை நிறுத்துங்கள். யாரையாவது தேடிக்கொண்டு யாராவது வரலாம். எங்களுக்கு ஒருமுறை வந்தார், "என் ஒய்ஃப் உள்ளே இருக்கா, கூப்பிடுங்க" என்று மரியாதையாகவே கேட்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆலோசகரிடம் சொன்னோம். இதை முன்பே பேசி வைக்காமல் இருந்திருந்தால் எங்களில் யாராவது மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம். கல்யாண மண்டபப் பழக்கம்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். மேடையில் அடிக்கிற காட்சி இருக்காது. ஓவிய மேசை அவர்களுக்குத்தான், வண்ணம் துணியில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். ஏதாவது ஒரு பிள்ளை வீட்டில் நடப்பதை வரைந்துவிட்டால் அதை ஏலத்துக்கு எடுக்க மாட்டோம், யாரிடமும் காட்டவும் மாட்டோம், ஆலோசகரிடம் மட்டும் கொடுப்போம்.

கொடியில் எழுதி மாட்டிய துணிகளை என்ன செய்கிறீர்கள்?

முதல் முறை மூட்டையாகக் கட்டி என் வீட்டுப் பரணில் வைத்தேன். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து இருக்கிறதே, யார் கண்ணிலாவது பட்டால் என்று பயமாக இருந்தது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதிலிருந்து பள்ளிக்கூட நீல இங்க் மட்டும்தான் வைக்கிறோம். அன்று ராத்திரியே ஹால் பின்பக்கக் குழாயடியில் ஊறப்போட்டு அலசிவிடுவோம். முழுவதும் போகாது, வெளிறிய நீலம் கொஞ்சம் தங்கும், ஆனால் படிக்க முடியாது. காயவைத்து அடுத்த வருடம் அதே துணிகளை மேசையில் வைக்கிறோம்.

பக்கெட் இரண்டுதான் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரம் இருக்க முடிகிறவர்கள் ஒரு பக்கெட்டோடு வந்தால் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுவதற்குள் முடித்துவிடலாம்.